ஜெயரூபி அக்காவின் ஆறாவது சஷ்டி

எங்கள் ஊரான சல்லியில் இருந்து வெருகல் முருகன் கோயிலுக்கு நான் முதன்முதலாக நடந்துபோன வருடம், நான்காம் நாள் விடியற்காலையில் எனக்கு மாதவிலக்கு வந்துவிட்டது. மூதூர்ப் பக்கத்தில் ஒரு பிள்ளையார் கோயில் மடத்தில் தங்கியிருந்தோம். வேல் பிடித்துப் போகிற கூட்டத்தில் அந்த நிலையில் சேர்ந்து நடக்கக்கூடாது. பஸ் ஏறித் திரும்பிப் போனால் ஏன் திரும்பினேன் என்று ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். கிணற்றடியில் வாளியைப் பிடித்துக்கொண்டு அழுதபடி நின்றேன்.

எங்களைக் கூட்டிக்கொண்டு வந்த ஜெயரூபி அக்கா முகம் கழுவ வந்த இடத்தில் என்னைப் பார்த்தார். உள்ளே போய், தான் பிடித்துவந்த வேலைக் கனகமணி மாமியின் கையில் கொடுத்தார்.

"என்ர முழங்கால் பிடிச்சுப்போட்டுது சாமி. நீங்க வேலைக் கொண்டு முன்னால நடவுங்கோ. நான் மெல்ல மெல்லப் பின்னால வாறன். துணைக்குத் தவம் நிக்கட்டும்."

தவம் என்பது நான்தான். தவமலர் என்று பெயர். அன்று முழுவதும் மறுநாளும் அவர் கூட்டத்துக்கு நூறு அடி பின்னால் என்னோடு நடந்தார். முன்னால் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கும்போதெல்லாம் நொண்டினார். ஒருமுறை எந்தக் கால் என்பதை மறந்து மற்றக் காலை நொண்டினார். எனக்கு அழுகையிலும் சிரிப்பு வந்துவிட்டது. "சிரியாதை, பிடிபட்டிடுவம்" என்று என்னை இடித்தார். இத்தனை வருடமும் அது எங்கள் இருவருக்குள்தான் இருந்தது. போன ஆடி மாதம் அக்கா காலமாகிவிட்டார். இனி அதைச் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

அக்கா கருவாடு போடுகிறவர். விடியக் கரைக்குப் போய் மீன் எடுத்து, வெட்டி, உப்புப் போட்டு, பாயில் காயவைத்துக் கிண்ணியாவுக்கு அனுப்புவார். புருசன் நெஞ்சு வருத்தத்தில் நேரத்தோடு போய்விட்டார். இருப்பது ஒரே மகன், சஞ்சீவன். அவனும் கடலுக்குத்தான் போனான். பத்தொன்பது வயதில் அவன் போன படகின் இயந்திரம் ஆழ்கடலில் நின்றுவிட்டது. பதினொரு நாள் ஒரு செய்தியும் இல்லை. நான்காம் நாளே சனம் வீட்டுக்கு வந்து வாயைப் பொத்திக்கொண்டு குந்தத் தொடங்கிவிட்டது. அன்றைக்குத்தான் அக்கா நேர்த்தி வைத்தார். பிள்ளை உயிரோடு வந்தால் ஆறு வருடம் கந்தசஷ்டி விரதம் பிடித்து, வெறுங்காலோடு வெருகலுக்கு நடந்துவருகிறேன் என்று.

பதினோராம் நாள் ஒரு சரக்குக் கப்பல் அவனைத் தூக்கியது. உதடெல்லாம் வெடித்து, கரிக்கட்டை போல வந்து சேர்ந்தான்.

கந்தசஷ்டி ஆறு நாள் விரதம். ஆறாம் நாள் பின்னேரம் சூரன்போர். ஏழாம் நாள் காலையில் பாரணை என்று சொல்லி, இலை போட்டுச் சோறு சாப்பிட்டு விரதத்தை முடிப்போம். நேர்த்திக்குப் பிடிக்கிறவர்கள் ஆறு வருடம் விடாமல் பிடிக்கவேண்டும். நடுவில் ஒருமுறை உடைந்தால் முதலாம் வருடத்தில் இருந்து திரும்பத் தொடங்கவேண்டும் என்பதுதான் எங்கள் பக்கத்துக் கணக்கு. அக்கா பின்னேரத்தில் ஒரு கோப்பை பாலும் ஒரு கதலிப்பழமும் மட்டும் எடுப்பார். அவ்வளவுதான்.

தனக்காகத் தொடங்கிய நடை, பிறகு ஒரு கூட்டமாகிவிட்டது. ஆவணி முடியும்போதே அக்கா ஆயத்தம் செய்யத் தொடங்கிவிடுவார். ஒரு நாள் பஸ்ஸில் வெருகல் மட்டும் போய்வருவார். எந்த மடத்துக் கூரை ஒழுகுகிறது, எந்தக் கிணற்றில் தண்ணீர் கீழே இறங்கியிருக்கிறது, எந்த இடத்தில் வீதி போடுகிறார்கள் என்று எல்லாம் பார்த்து வருவார். எழுதி வைப்பதில்லை, மனதில் வைப்பார். சீனக்குடாவில் ஓர் இரவு, ஆலங்கேணியில் ஓர் இரவு, மூதூரில் ஒன்று, கிளிவெட்டியில் ஒன்று. விரதத்தின் இரண்டாம் நாள் வெளிக்கிட்டு, நடையின் ஐந்தாவது நாள், சூரன்போர் அன்று, வெருகல். ஆளுக்கு ஒரு பை, ஒரு பொலித்தீன், பாதத்துக்கு வேப்பெண்ணெய். வேலுக்கு முன்னால் ஒருவரும் நடக்கக்கூடாது. எல்லாரும் எல்லாரையும் சாமி என்றுதான் கூப்பிடவேண்டும். "இன்னும் எவ்வளவு தூரம்" என்று கேட்கக்கூடாது. கேட்டவர் நூற்றெட்டு அரோகரா சொல்லவேண்டும். கனகமணி மாமி ஒவ்வொரு வருடமும் கேட்டுவிட்டுத் தண்டனையையும் அவரே தொடங்கிவிடுவார்.

நான் சொல்லவந்தது ஆறாவது வருடத்தைப் பற்றி. அந்த முறை சஷ்டி பிந்தி வந்தது. கார்த்திகை பிறக்கிற நேரம், வாடைக் காற்று தொடங்கிவிட்டது. மழை விட்டுவிட்டுப் பெய்தது. பதின்மூன்று பேர் வெளிக்கிட்டோம். அதற்கு ஒரு வருடம் முன்னால்தான் அக்காவுக்குச் சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, என்று கண்டுபிடித்திருந்தார்கள். கிளினிக்கில் கொடுத்த மாத்திரைக் குளுசைகளைத் திருநீற்றுப் பையோடு சேர்த்து முடிந்துகொண்டு வந்தார்.

நடையின் இரண்டாம் நாள் கிண்ணியாவில் நபீஸா ராத்தாவின் வீட்டு வாசலில் நின்றோம். அக்காவின் கருவாட்டை வாங்கி விற்கிறவர் அவர்தான். ஒவ்வொரு வருடமும் கால் வைக்க வாளி வாளியாய்ச் சுடுதண்ணீர் வைத்திருப்பார். அவருக்கும் சீனி வருத்தம். அக்கா குளுசையை வாயில் போட்டுத் தண்ணீர் குடிப்பதை அவர் பார்த்துவிட்டார்.

"ஜெயரூபி, குளுசையக் குறைச்சீங்களா இல்லையா?"

"ஏன் குறைக்க? குளுசை என்ன சாப்பாடே? மருந்துதானே. விரதத்தில சேராது."

"அதுக்கில்ல புள்ள. சாப்பாடு இல்லாம குளுசை மட்டும் உள்ள போனா சீனி ஒரேயடியா இறங்கிரும். நோன்பு வரமுந்தியே எனக்கு டொக்டர் குளுசைய மாத்தித் தாறவரு. நீங்க உங்கட டொக்டர்ட்டச் சொன்னீங்களா?"

"சொன்னா நடக்கவே விடமாட்டார்."

ராத்தா என் பக்கம் திரும்பினார். "நீங்கதானே கிட்ட நடக்கிற ஆள். வேர்த்து, கை நடுங்கி, கதை குழறிச்செண்டா இனிப்ப வாயில வைங்க. யோசிச்சிட்டு நிக்காதீங்க. உசிர் இருந்தாத்தான் அடுத்த நோன்பு."

"இவளிட்ட இனிப்பைக் குடுத்தா இவளே திண்டு முடிச்சிடுவாள்" என்று அக்கா சிரித்துக்கொண்டு எழும்பிவிட்டார். ஆனால் வீதிக்கு வந்ததும் என் கையைப் பிடித்தார்.

"தவம், இது ஆறாவது. நாலு நாள்தானே கிடக்கு. இதை மட்டும் என்னைக் கொண்டு முடிக்க விடு. நேர்த்தியைக் குறையில விட்டா, தந்ததைத் திரும்ப எடுக்கமாட்டார் எண்டு ஆரால சொல்ல ஏலும்?"

அவர் எதைச் சொல்கிறார் என்று எனக்குத் தெரியும். நானும் பிள்ளை பெற்றவள். அவரோடு சேர்ந்து நடந்தேன்.

விரதத்தின் ஐந்தாம் நாள் பின்னேரம் கிளிவெட்டியில் இருக்கும்போது சஞ்சீவன் தொலைபேசி எடுத்தான். கடல் ஆறியிருக்கிறதாம், நாளை விடியப் போகிறானாம்.

"நாளைக்கு ஒரு நாள் நில்லடா தம்பி. சூரன்போர் முடியட்டும்."

"அம்மா, நாலு நாளாக் கரையில கிடக்கிறன். நீங்க நடவுங்கோ, கடலை நான் பாக்கிறன்."

அக்கா அதற்குப் பிறகு பாலைக் கையில் எடுத்துக் கொஞ்சம் குடித்துவிட்டு வைத்துவிட்டார். பழத்தை உரிக்கவே இல்லை. "வயிறு கேக்கேல்லை" என்றார். அதையும் நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

சூரன்போர் அன்று இருட்டோடு எழும்பி நடந்தோம். விடிந்த நேரம் ஓரிடத்தில் வீதியைக் காணவில்லை. இரண்டு பக்கத்து வயலும் ஒன்றாகி, செம்மண் தண்ணீர் வீதிக்கு மேலால் ஓடிக்கொண்டிருந்தது. தூரத்தில், தண்ணீருக்கு அங்கால் வீதி மறுபடி கரையேறுவது தெரிந்தது. மாடுகளைச் சாய்த்து ஓட்டிக்கொண்டு வந்த ஒருவர் கையைக் காட்டி மறித்தார்.

"இறங்கவேண்டாம் சாமி. கரையில முழங்கால்தான். நடுவில மதகுப் போக்கு உடைஞ்சு கிடக்கு, ஆளை இழுக்கும். பத்து மணிக்கு அங்கால இருந்து உழவு இயந்திரம் வரும். ஏத்திக்கொண்டு போவினம்."

"வராட்டி?" என்று கேட்டார் கனகமணி மாமி.

"வராட்டி வராது."

நாங்கள் வீதியோரம் நின்றோம். அக்கா மட்டும் வேலைப் பிடித்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்தபடி நின்றார். அங்கால் இன்னும் நான்கு மணித்தியால நடை இருந்தது. இயந்திரம் வராவிட்டால் சூரன்போருக்கு முன் போய்ச்சேர முடியாது. மழை தூறியது. ஒரு அரை மணி நேரம் அப்படியே போயிருக்கும். வேலில் கட்டியிருந்த சின்ன மணி கிணுகிணு என்று அடிக்கத் தொடங்கியது. காற்று என்று நினைத்தேன். பார்த்தால் அக்காவின் கை நடுங்குகிறது. பிறகு தோள். பிறகு தலை ஆடியது. ஏதோ முணுமுணுத்தார், விளங்கவில்லை.

"அரோகரா!" என்று கத்தினார் கனகமணி மாமி. "சாமி வந்திட்டுது! ஆறு வருசம் நடந்தவளில சாமி இறங்கிட்டுது!"

எல்லாரும் ஈர வீதியில் விழுந்து கும்பிட்டார்கள். நானும் விழுந்தேன். பொய் சொல்லமாட்டேன், எனக்கும் மயிர் கூச்செறிந்தது. அக்காவுக்கு ஒருநாளும் உரு வந்ததில்லை. வந்தால் இன்றைக்கு, இந்த இடத்தில் வரவேண்டியதுதானே என்று நினைத்தேன்.

மாமி கையைக் கூப்பிக்கொண்டு கேட்டார்: "அப்பனே, இறங்கட்டோ, நிக்கட்டோ? வாய் திறந்து சொல்லு."

"போ..." என்றார் அக்கா. நாக்குத் தடித்தவர் போல. "போ... போங்கோ..." ஒரு காலைத் தண்ணீருக்குள் வைத்தார்.

"உத்தரவு கிடைச்சிட்டுது! சீலையைத் தூக்கிச் செருகுங்கோ!"

பெண்கள் எழும்பிச் சீலையைச் செருகினார்கள். நான் ஓடிப்போய் அக்காவின் கையைப் பிடித்தேன். எங்கள் ஊர் அம்மன் கோயிலில் உரு வந்தவர்களை எத்தனையோ முறை தாங்கிப் பிடித்திருக்கிறேன். சாமி வந்த உடம்பு நெருப்பாய்ச் சுடும். இந்தக் கை ஐஸ் பெட்டிக்குள் கிடந்த மீன் மாதிரி இருந்தது. முகத்தைத் துடைத்தேன். துடைத்த இடத்தில் திரும்ப முத்து முத்தாய் வேர்த்தது. அது மழை இல்லை.

"அக்கா, மகன்ர பேர் என்ன?"

என்னைப் பார்த்தார். யாரோ ஊர் தெரியாத ஆளைப் பார்ப்பதுபோல. எந்தப் பிள்ளைக்காக இத்தனை தூரம் நடந்தாரோ அந்தப் பிள்ளையின் பெயர் அவர் வாயில் வரவில்லை.

நபீஸா ராத்தா சொன்னது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆனால் எங்கள் பைகளில் என்ன இனிப்பு இருக்கிறது? விரதகாரர் கூட்டம். இருந்தது ஒன்றுதான். முருகனுக்கு அபிஷேகத்துக்கென்று அக்கா தன் பையில் சுற்றி வைத்திருந்த ஒரு போத்தல் தேன். சுவாமிக்கு வைத்ததை, சுவாமிக்குக் கொடுக்க முன், ஆறாவது சஷ்டியின் ஆறாவது நாளில், அவர் வாயில் வைக்கவேண்டும். நான் ஒரு கணம் நின்றுதான் விட்டேன். யோசிக்காதே என்று சொல்லியும் யோசித்தேன். அதற்குள் அக்காவின் மற்றக் காலும் தண்ணீருக்குள் போய்விட்டது.

பையைப் பறித்துத் தேன் போத்தலைத் திறந்தேன்.

"எடியே, என்ன செய்யிறாய்?" மாமி என் தோளைப் பிடித்து இழுத்தார். "சாமியில கை வைக்கிறியே? முருகன்ர தேனடி அது! விரதத்தில நிக்கிறவள்ர வாயிலயே?"

"மாமி, இது சாமி இல்லை. சீனி இறங்கிட்டுது. பிடியுங்கோ, விழப்போறா!"

"நீ என்ன டொக்டரே?"

மாமி சொல்லி முடிக்க முன் அக்காவின் முழங்கால் மடிந்தது. வேல் சரிந்தது. மாமி வேலைப் பிடித்தார், நான் அக்காவைப் பிடித்தேன். இழுத்துக் கரையில் போட்டுச் சரித்துப் படுக்கவைத்து, விரலில் தேனைத் தொட்டுக் கன்னத்துக் கொடுப்புக்குள் தேய்த்தேன். பல்லைக் கடித்தார். விரல் நடுவில் அகப்பட்டது. எடுக்கவில்லை. திரும்பவும் தொட்டுத் தேய்த்தேன். திரும்பவும். ஒருவரும் கிட்ட வரவில்லை. எல்லாரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அக்கா செத்தால் நான் கொன்றேன் என்பார்கள், பிழைத்தால் விரதத்தை உடைத்தேன் என்பார்கள். அந்த நேரத்தில் முருகா என்று சொல்லக்கூட எனக்கு வாய் வரவில்லை. யாருடைய தேன் என் விரலில் இருந்தது?

கால் மணி நேரம் போயிருக்கும். அக்கா கண்ணை இரண்டு முறை வெட்டினார். நாக்கால் உதட்டைத் தடவினார். தடவின நாக்கு அப்படியே நின்றுவிட்டது.

"என்ன இது?"

"தேன் அக்கா."

போத்தலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அடிக்கவில்லை. அடித்திருந்தால் நல்லாய் இருந்திருக்கும்.

"சஞ்சீவன் கடலில நிக்கிறானடி" என்றார்.

பத்து மணிக்கு வராத உழவு இயந்திரம் பத்தரைக்கு வந்தது. அதன் இழுவைப் பெட்டிக்குள் எல்லாரையும் நெருக்கி ஏற்றினார்கள். நடு வீதியில் அது ஒரு பக்கம் சரிந்தபோது தண்ணீரின் இழுவையைக் கண்டோம். இயந்திரத்தின் பெரிய சில்லு பாதிக்கு மேல் தாழ்ந்தது. இதற்குள் நடந்து இறங்கியிருந்தால் பதின்மூன்று பேரில் எத்தனை பேர் மிஞ்சியிருப்போமோ. அந்த நேரத்திலும் கனகமணி மாமி பெட்டிக்குள் வேலைப் பிடித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தார்.

"என்ன மாமி, கால் உளையுதே?" என்று ஒருத்தி கேட்டாள்.

"நடக்கிறன். நடந்து போறதெண்டுதானே நேர்த்தி."

ஒருவரும் சிரிக்கவில்லை. சிலர் தாங்களும் காலைத் தூக்கி வைக்கத் தொடங்கினார்கள். அக்கா மட்டும் மூலையில் குந்தியிருந்தார்.

இனிமேல் நடக்க விடக்கூடாது என்று நான் சொன்னதை அவர் காதில் போடவில்லை. ஆனால் நான் நீட்டிய தேனை, இறங்கும் முன் தானாகவே இன்னும் இரண்டு வாய் குடித்தார். உடைந்தது உடைந்துவிட்டது என்று நினைத்தாரோ என்னவோ. குளுசைப் பையை எடுத்து என் கையில் தந்தார். மெல்ல மெல்ல நடந்து சூரன்போர் தொடங்குகிற நேரம் போய்ச் சேர்ந்தோம். சனம் அரோகரா என்று வானம் பிளக்கக் கத்தியது. அக்கா கோயில் வீதியின் கடைசியில் நின்றார். கையைக் கூப்பவில்லை. ஒரு கையில் தொலைபேசி, அதை அமத்துவதும் காதில் வைப்பதுமாக இருந்தார். சஞ்சீவனின் இலக்கம் வேலை செய்யவில்லை.

மறுநாள் காலை பாரணைக்கு இலை போட்டார்கள். அக்கா போய் இலையில் இருக்கவில்லை. தூணில் சாய்ந்து இருந்தார். இரவு முழுக்க அப்படித்தான் இருந்திருக்கிறார். ஒரு பழமும் கொஞ்சப் பாலும் மாத்திரம் கொடுத்து வைத்திருந்தேன். நானும் சாப்பிடப் போகவில்லை. அவருக்கு எதிர்த் தூணில் இருந்தேன். காற்று வீசும் ஒவ்வொரு முறையும் இரண்டு பேரும் கிழக்குப் பக்கம் பார்த்தோம்.

ஒன்பது மணிபோலத் தொலைபேசி அடித்தது. அக்கா பொத்தானை அமத்த ஏலாமல் என்னிடம் நீட்டினார். நான் அமத்தி அவர் காதில் வைத்தேன்.

"அம்மா, கரைக்கு வந்திட்டன். போனுக்குள்ள தண்ணி போயிட்டுது. சூடை மீனும் கொஞ்சம் பாரையும் பட்டது. நீங்க சாப்பிட்டிட்டீங்களே?"

அக்கா வாயைச் சீலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு அழுதார். பிறகு எழும்பிப் போய் இலையில் இருந்தார். என்னைக் கூப்பிடவில்லை. பஸ்ஸிலும் வேறு இருக்கையில்தான் இருந்தார்.

பிள்ளை வந்துவிட்டான், அதோடு முடிந்தது என்று நீங்கள் நினைக்கலாம். முடியவில்லை. ஐந்தா, ஆறா என்ற கேள்வி ஊரில் நின்றது. "மருந்துக்குக் குடுத்தது விரதத்தை உடைக்காது" என்றார் கோயில் ஐயர். "உடைஞ்சது உடைஞ்சதுதான், முதலில இருந்து பிடி" என்றார் கனகமணி மாமி. அக்கா ஒன்றும் சொல்லவில்லை. திரும்ப முதலில் இருந்து தொடங்க அவர் மனதில் இருந்தது எனக்குத் தெரியும். கிளினிக்கில் கண்டித்துவிட்டார்கள். அடுத்த வருடம் காலில் ஒரு புண், அதற்கடுத்து சிறுநீரகம் பழுது. என்னோடு நன்றாகத்தான் கதைத்தார். கருவாட்டில் எனக்கென்று ஒரு பங்கு எடுத்து வைப்பார். ஆனால் வெருகலைப் பற்றிய கதை மட்டும் எங்களுக்கு இடையில் வரவே இல்லை. சஞ்சீவன் கடலுக்குப் போகிற நாளெல்லாம் அவர் கரையில் போய் இருப்பார். நான் அம்மன் கோயிலில் போய் இருப்பேன். கடல் கொந்தளித்த ஒவ்வொரு நாளும் அந்தத் தேன் என் விரலில் ஒட்டியிருப்பது போலவே இருக்கும். சஞ்சீவன் போவான், வருவான். அவனுக்கு இது ஒன்றும் தெரியாது.

போன ஆடியில் ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். கால் இரண்டும் வீங்கி, முகம் சின்னதாய் இருந்தது. சஞ்சீவன் மருந்து எடுக்க வெளியே போயிருந்தான். கட்டிலுக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தேன். கொஞ்ச நேரம் மீன் விலையைப் பற்றிக் கதைத்தார். பார்க்க விடுகிற நேரம் முடிகிறது என்று மணி அடித்தார்கள். நான் எழும்பி, "நாளைக்கு வாறன் அக்கா" என்றேன். என் கையை விடவில்லை.

"தவம், அந்தச் சஷ்டியை நான் ஆறெண்டுதான் எண்ணியிருக்கிறன். எப்பிடி எண்டு முருகன் கேட்டா உன்னைக் கையைக் காட்டிப்போட்டு நான் பேசாமல் இருப்பன். நீ வந்து மிச்சத்தைச் சொல்லு. ஆனா, அவசரப்பட்டு வந்திடாதை."